இல்லாத கப்பலுக்குள் என்ன இருக்கிறது?

மூன்று வருடங்களுக்கு முன்னர் கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்த மாமா தம்பிக்கென்று ஒரு புத்தகம் கொண்டுவந்தார். எனக்கு ஒரு கைப்பையும் அபாயாவும் வந்தன. கைப்பையின் சிப் ஆறு மாதத்தில் உடைந்துவிட்டது. தம்பி புத்தகத்தை இரண்டு நாள் புரட்டிவிட்டு கிரிக்கெட் விளையாடப் போய்விட்டான். அன்றிலிருந்து அந்தப் புத்தகம் என் மேசையில்தான் இருக்கிறது.

அது பெரிய புத்தகம். விரித்து வைத்தால் மேசையில் கொப்பி வைக்க இடமிருக்காது. 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படங்களில் வரும் விண்கப்பல்களும் வாகனங்களும் அதில் வரையப்பட்டிருக்கின்றன. வெளித்தோற்றத்தை மட்டும் வரைந்திருந்தால் நானும் இரண்டு நாளில் மூடி வைத்திருப்பேன். ஆனால் ஒவ்வொரு கப்பலையும் பலாப்பழத்தைப் பிளந்ததுபோல ஒரு பக்கம் திறந்து, உள்ளே இருக்கும் இயந்திரம், குழாய், படிக்கட்டு, படுக்கை, எரிபொருள் தாங்கி எல்லாவற்றையும் காட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு பாகத்திலிருந்தும் ஒரு மெல்லிய கோடு வெளியே வந்து அதன் பெயரைச் சொல்கிறது. உயிரியல் படிக்கும் சகோதரிகளுக்கு இது புதிதல்ல. இதயத்தின் நெடுக்குவெட்டுமுகத்தையும் தண்டின் குறுக்குவெட்டுமுகத்தையும் வரைந்து பாகங்களைப் பெயரிடுகிறோம் அல்லவா? இதுவும் அதே வெட்டுமுகப் படம்தான். என்ன வித்தியாசம் என்றால், இதயம் இருக்கிறது. இந்தக் கப்பல்கள் எங்கும் இல்லை.

ஒருநாள் வீட்டுக்கு வந்த பெரியவர் ஒருவர் நான் அந்தப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு வாப்பாவிடம் சொன்னார்: “இல்லாத கப்பல்ட இஞ்சினப் படிச்சி என்ன செய்யப் போறா? பொம்புளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?” வாப்பா சிரித்துக்கொண்டே தேநீர் எடுத்து வரச் சொன்னார். நானும் ஒன்றும் பேசவில்லை. அன்று சொல்லாத பதிலைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன். அவர் கேட்டவை இரண்டு கேள்விகள். இல்லாத ஒன்றின் உள்ளே பார்ப்பதால் என்ன பயன் என்பது ஒன்று. அது பெண்பிள்ளைக்கு எதற்கு என்பது மற்றது. இரண்டும் நியாயமான கேள்விகள் என்பதால் இரண்டுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் இந்தப் புத்தகத்தை ஆக்கியவர்களைப் பார்ப்போம். இது 1998இல் டோர்லிங் கின்டர்ஸ்லி என்ற பதிப்பகம் வெளியிட்ட நூல். படங்களை வரைந்தவர்கள் ஹான்ஸ் ஜென்சன், ரிச்சர்ட் சேஸ்மோர் ஆகிய இருவர். விளக்கங்களை எழுதியவர் டேவிட் வெஸ்ட் ரெய்னோல்ட்ஸ். அவர் தொல்லியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். விண்கப்பல் புத்தகத்தில் தொல்லியலாளருக்கு என்ன வேலை என்று நானும் யோசித்தேன். பிறகு விளங்கியது. தொல்லியலாளர் நிலத்தில் எஞ்சியிருக்கும் அத்திவாரத்தையும் உடைந்த ஓட்டையும் வைத்து, அங்கே எப்படியான வீடு இருந்தது, அடுப்பு எங்கே இருந்தது, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கிறவர். கொஞ்சம் தெரிந்ததை வைத்துத் தெரியாத மிச்சத்தை நியாயமாக ஊகிப்பதுதான் அவருடைய தொழில். இந்த நூலுக்கும் தேவைப்பட்டது அதுதான்.

அது எவ்வளவு கடினமான வேலை என்பதற்கு அந்தப் படங்களில் வரும் 'மில்லேனியம் ஃபால்கன்' என்ற கப்பலே உதாரணம். படப்பிடிப்புக்காக அதன் வெளிப்பக்கத்தை ஓர் அளவிலும் உள்ளறைகளை வேறோர் அளவிலும் அமைத்துவிட்டார்கள். உள்ளறைகள் எல்லாவற்றையும் சேர்த்தால் அந்த வெளிக்கூட்டுக்குள் அடங்காது என்று ரசிகர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். சினிமாவில் அது பரவாயில்லை. கமரா ஒரு நேரத்தில் ஒரு அறையைத்தான் காட்டும். வெட்டுமுகம் வரைகிறவர் அப்படித் தப்ப முடியாது. உள்ளும் புறமும் ஒரே தாளில் ஒரே அளவுத்திட்டத்தில் வர வேண்டும். ஒரு சுவரைத் தள்ளினால் பக்கத்து அறை சிறுத்துவிடும்.

நம்பாவிட்டால் நீங்களே செய்து பாருங்கள். ஒரு தாளில் ஒரு விண்கப்பலை வரையுங்கள். ஒரு நிமிடம் போதும். இப்போது அதன் ஒரு பக்கத்தை வெட்டித் திறந்து உள்ளே வரையுங்கள். ஒரு மணித்தியாலம் போனாலும் முடியாது. இடைவேளையில் நானும் தோழிகளும் இதைச் செய்தோம். முதலில் எழுந்த கேள்வி “கழிவறை எங்க?” என்பது. எல்லோரும் சிரித்தோம். அடுத்து ஒருத்தி “வுழூ எங்க செய்யிற?” என்றாள். தண்ணீர் அங்கே கீழே விழாதே, உருண்டையாக மிதக்குமே என்று இன்னொருத்தி சொன்னாள். கிப்லாவை எப்படிப் பார்ப்பது என்ற கேள்வி வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது, யோசிக்கத் தொடங்கிவிட்டோம். அது வெறும் வேடிக்கைக் கேள்வி அல்ல என்பது எனக்குப் பின்னர்தான் தெரியவந்தது. 2007இல் மலேசியாவைச் சேர்ந்த வைத்தியர் ஷேக் முஸ்ஸபர் ஷுகூர் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனபோது, அங்கே எப்படித் தொழுவது, எந்தப் பக்கம் முன்னோக்குவது என்பவை பற்றி அந்த நாட்டு மார்க்க அறிஞர்கள் ஒரு வழிகாட்டியே தயாரித்தார்கள். இல்லாத கப்பலை வரைந்ததால் எங்களுக்கு வந்த கேள்வி, இருக்கும் கப்பலில் பயணம் செய்த ஒரு முஸ்லிமுக்கும் வந்த கேள்விதான்.

இதுதான் என்னுடைய முதலாவது பதில். இல்லாத பொருளின் உள்ளே பார்ப்பவருக்குப் பார்த்து எழுத எதுவும் இல்லை. அதனால் அவர் கேள்வி கேட்டே ஆக வேண்டும். சூடு எங்கே போகும்? ஆட்கள் எங்கே தூங்குவார்கள்? இது பழுதானால் கையை எங்கே விட்டுத் திருத்துவது? இதயப் படத்தைப் பாடப்புத்தகத்தில் பார்த்து மனனம் செய்து வரைந்துவிடலாம். நாங்கள் பலர் அப்படித்தான் செய்கிறோம். இல்லாத கப்பலை மனனம் செய்ய முடியாது.

இல்லாததை வரைவது பொய் சொல்வது போலாகாதா என்று சிலர் நினைக்கலாம். வெட்டுமுகப் படம் வரைவதில் நமக்கு ஒரு பழைய உரிமை இருக்கிறது என்பதை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். இன்றைய துருக்கியில் உள்ள தியார்பக்கிரில், அர்துக் வம்ச அரசவையில் பொறியியலாளராக இருந்தவர் அல்-ஜஸரி. 1206இல் அவர் எழுதி முடித்த நூலில் 50 பொறிகள் விளக்கப்பட்டிருக்கின்றன. மிகவும் புகழ்பெற்றது யானைக் கடிகாரம். வெளியே பார்த்தால் ஒரு யானை, அதன்மேல் பாகன், அம்பாரி, பாம்புகள், பறவை. உள்ளே யானையின் வயிற்றில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் மிதக்கும் கிண்ணத்தின் அடியில் ஒரு சிறு துளை. துளை வழியாகத் தண்ணீர் ஏறி, அரை மணித்தியாலத்தில் கிண்ணம் மூழ்கும். மூழ்கும்போது அது ஒரு கயிற்றை இழுக்கும். மேலே ஒரு குண்டு விடுபட்டு பாம்பின் வாயில் விழும். பாரம் தாங்காமல் பாம்பு கீழே சாய, கிண்ணம் மீண்டும் மேலே வரும். கிண்ணம் மூழ்கும் நேரத்தை வைத்து நாழிகை அளப்பது இந்தியாவில் வழங்கிய முறை. அந்த முறையைத்தான் அவர் யானையின் வயிற்றுக்குள் வைத்தார்.

எனக்கு முக்கியமாகப் படுவது அவர் வரைந்த விதம். யானையை அழகாக வரைந்ததோடு அவர் நிறுத்தவில்லை. தொட்டியும் கயிறும் குண்டும் தெரியும்படி உள்ளமைப்பையும் வரைந்து, பாகங்களுக்கு அரபு எழுத்துக்களால் அடையாளம் இட்டு, ஒவ்வொன்றையும் எப்படிச் செய்வது என்று எழுதினார். தனக்குப் பின் வருகிறவர் அதைப் பார்த்துச் செய்ய வேண்டும் என்பதே அவர் நோக்கம். 1974இல் டொனால்ட் ஹில் என்ற பொறியியலாளர் அந்த நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். யானைக் கடிகாரத்தை அந்தக் குறிப்புகளின்படி பல நாடுகளில் இன்று மீண்டும் செய்து வைத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பதை ஒளிக்காமல் காட்டும் அந்த மரபைத்தான் இன்றைய விண்கப்பல் புத்தகங்களிலும் நான் காண்கிறேன்.

கற்பனைக் கப்பலுக்கும் உண்மையான அறிவியலுக்கும் உள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. 1950இல் இங்கிலாந்தில் 'ஈகிள்' என்ற சிறுவர் வார இதழ் தொடங்கியது. அதைத் தொடங்கியவர் ஒரு கிறிஸ்தவ மதகுரு. நடுப்பக்கத்தில் ரயில் எஞ்சின், கப்பல், விமானம் என்று வாரம் ஒரு வெட்டுமுகப் படம் வரும். முதல் பக்கத்தில் டான் டேர் என்ற விண்வெளி வீரனின் சித்திரக்கதை. அந்தக் கதை தொடங்கிய காலத்தில் அதற்கு அறிவியல் ஆலோசனை சொன்னவர் ஆர்தர் சி. கிளார்க். 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் கொழும்பில் இறக்கும்வரை நம் நாட்டிலேயே வாழ்ந்த அதே கிளார்க்தான். பூமியோடு சேர்ந்து அதே வேகத்தில் சுற்றும் செய்மதியை, பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் வைத்தால் அது ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும், அதன் மூலம் உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்று அவர் 1945இல் எழுதினார். அப்போது ஒரு செய்மதிகூட வானில் இல்லை. இன்று உன்னிச்சையில் வீட்டுக் கூரைகளில் இருக்கும் டிஷ் அன்ரனாக்களைப் பாருங்கள். அசையாமல் வானத்தின் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அங்கே நிற்பது அன்று 'இல்லாத கப்பல்' ஒன்றுதான்.

இல்லாததை வரைவது பற்றி இன்னொரு விடயமும் சொல்ல வேண்டும். இது எங்கள் வீட்டில் நடந்தது. உம்மம்மா 1990இல் உன்னிச்சையிலிருந்து இடம்பெயர்ந்தவர். விட்டுவிட்டுப் போன வீடு பிறகு இருக்கவில்லை. அதற்கு ஒரு புகைப்படமும் இல்லை. கடந்த நோன்புப் பெருநாள் விடுமுறையில் நான் ஒரு பிறிஸ்டல் போட்டை எடுத்துக்கொண்டு உம்மம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த விண்கப்பல்களைத் திறந்து காட்டியதுபோல அந்த வீட்டின் முன் சுவரைத் திறந்து உள்ளே வரைய வேண்டும் என்பது என் எண்ணம். அதுவரை அந்த வீட்டைப் பற்றிக் கேட்டால் “நல்ல வீடு மகள்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். வரையத் தொடங்கியதும் நான் அப்படிக் கேட்கவில்லை. கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்டேன். நெல் மூட்டை எங்கே அடுக்கியிருந்தது? இரவில் மழை பெய்தால் எந்த இடம் ஒழுகும்? அடுப்பை நான் இடது பக்கத்தில் வரைந்தபோது பென்சிலை வாங்கி, “இல்ல, காத்து அங்கால இருந்து வரும், அடுப்பு இஞ்சாலதான்” என்று தானே கோடு போட்டார். மாலையாவதற்குள் கிணறு, மாட்டுக்கொட்டில், உம்மம்மாவின் வாப்பா குர்ஆன் ஓத உட்காரும் மூலை எல்லாம் தாளில் வந்துவிட்டன. என் உம்மாவே கேள்விப்படாத பல விடயங்கள் அன்று வெளிவந்தன.

அந்த வீடும் இப்போது இல்லாத ஒன்றுதான். அதை வரைந்ததை யாராவது பொய் என்பார்களா? எப்படிக் கேட்பது என்று எனக்குப் பழக்கியது விண்கப்பல் புத்தகம்தான். நமது பக்கத்தில் இதற்குப் பெரிய முன்னுதாரணமும் உண்டு. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டதாரி. வழக்கிலிருந்து மறைந்துபோன யாழ்களின் அமைப்பைப் பழந்தமிழ் நூல்களில் கிடைத்த குறிப்புகளைக் கொண்டும் கணிதத்தைக் கொண்டும் ஆராய்ந்து எழுதிய 'யாழ் நூல்' 1947இல் வெளிவந்தது. கண்ணால் காணாத கருவியின் உள்ளமைப்பைத் தேடுவது வீண்வேலை என்று அவர் நினைத்திருந்தால் அந்த நூல் நமக்குக் கிடைத்திருக்காது.

இனிப் பெரியவரின் இரண்டாவது கேள்வி. பெண்பிள்ளைக்கு எதற்கு?

இதற்கு முதலில் ஒரு வரலாற்றுப் பதில். பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த இப்னு நதீம் தன் காலத்து நூல்களையும் அறிஞர்களையும் பட்டியலிட்டு ஒரு பெருநூல் எழுதினார். கருவிகள் செய்பவர்களின் வரிசையில் அவர் இஜ்லிய்யா என்ற பெண்ணையும் குறிப்பிடுகிறார். தந்தையும் கருவி செய்பவர். அந்தப் பெண் அலெப்போவின் ஆட்சியாளர் சைஃபுத் தவ்லாவிடம் பணியாற்றியிருக்கிறார். தட்டுக்குள் தட்டாகப் பொருந்தி நட்சத்திரங்களின் உயரத்தை அளக்கும் அஸ்தர்லாப், உள்ளமைப்புத் தெரியாமல் செய்யக்கூடிய பொருளல்ல. ஆயிரம் வருடங்களுக்கு முன் ஒரு முஸ்லிம் பெண்ணின் கையில் இருந்த வேலை அது.

அடுத்த பதில் எங்கள் வீட்டிலிருந்து. வாப்பா வயல் செய்கிறவர். ஒருநாள் அவரிடம், “குளத்துத் துருசைத் திறந்தா உள்ளுக்குள்ள என்ன நடக்குது வாப்பா?” என்று கேட்டேன். “தண்ணி வரும்” என்றார். “அது தெரியும். உள்ளுக்குள்ள என்ன இரிக்கி?” என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு என்னைக் குளக்கட்டுக்குக் கூட்டிப்போனார். மேலே பார்த்தால் ஒரு சக்கரமும் அதன் இரும்புத் தண்டும்தான். தண்டு தண்ணீருக்குள் இறங்கி மறைகிறது. வாப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “முப்பது வருசமாத் தண்ணி பாய்ச்சுறன். இதுக்குள்ள என்ன இரிக்கெண்டு நானும் பாத்ததில்ல மகள்” என்றார்.

வரலாற்றுப் பாடத்தில் படித்த பிசோ கொட்டுவவை அன்றிரவு அவருக்கு வரைந்து காட்டினேன். குளக்கட்டின் உட்பக்கத்தில், கல்லாலும் செங்கல்லாலும் கட்டப்பட்ட சதுரமான கிணறு போன்ற அறை அது. ஆழமான குளத்தின் அடியில் தண்ணீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கும். அதை நேரடியாகக் கட்டுக்கு அடியால் விட்டால் கட்டையே அரித்துக்கொண்டு போய்விடும். இந்த அறைக்குள் வைத்து நீரின் போக்கைக் கட்டுப்படுத்தி, அளவாக வெளியே அனுப்பினார்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்த ஹென்றி பாக்கர் பழைய குளங்களைச் சுற்றி ஆராய்ந்து 1909இல் வெளியிட்ட நூலில், இந்த அமைப்பை இக்காலத்து வால்வுக் கிணறுகளின் முன்னோடி என்று எழுதியிருக்கிறார். இப்போதைய குளங்களின் அமைப்பு வேறு. ஆனாலும் வாப்பா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப இதுல மண்ணடைச்சா என்ன செய்வானுகள்?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அது நல்ல கேள்வி என்பது தெரிந்தது.

உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வயலுக்கு மட்டும் போகவில்லை. வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு மட்டக்களப்பு நகரத்துக் குழாய்களுக்கும் அதுவே போகிறது. வீட்டில் அந்தத் தண்ணீரைப் பிடிப்பதும் காய்ச்சுவதும் அதில் சமைப்பதும் பெரும்பாலும் பெண்கள். குழாய் ஒழுகினாலும் மோட்டர் நின்றாலும் யாராவது ஆண் வரும்வரை காத்திருப்பதும் பெண்கள்தான். கையில் எடுத்துப் பயன்படுத்தும் பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று அறியும் ஆசை பாவமல்ல. அது அடக்கத்துக்கும் ஒழுக்கத்துக்கும் எதிரானதும் அல்ல. 2013இலிருந்து உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவும் இருக்கிறது. அதில் சேருவதா, கணிதப் பிரிவில் சேருவதா, கலைப்பிரிவா என்பதை ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி முடிவு செய்யலாம். ஆனால் ஒரு இயந்திரத்தின் உள்ளே ஒருமுறைகூடப் பார்க்காத பிள்ளையிடம் “உனக்கு என்ன விருப்பம்?” என்று கேட்பதில் என்ன நியாயம் இருக்கிறது? தம்பிக்குப் புத்தகமும் எனக்குக் கைப்பையும் வாங்கிய மாமாமீது எனக்குக் கோபமில்லை. அவர் இரண்டு பேருக்கும் அன்போடுதான் வாங்கினார். அடுத்த முறை மாற்றி வாங்கிப் பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தப் புத்தகங்களில் குறையே இல்லையா? இருக்கிறது. மறைக்காமல் சொல்கிறேன். நான் வைத்திருக்கும் புத்தகத்தில் பெரும்பாலானவை போர் வாகனங்கள். பீரங்கி எங்கே, அதற்குச் சக்தி எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் மிக அழகாக வரையப்பட்டிருக்கின்றன. அந்த அழகில் அவை எதற்காகச் செய்யப்பட்டவை என்பது மறந்துவிடுகிறது. போரைக் கண்ட மாவட்டத்தில் இருக்கும் நாம் இதைக் கவனிக்காமல் விட முடியாது. மட்டக்களப்புக் கடலின் அடியில் 'ஹேர்மிஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் அதைக் குண்டு போட்டு மூழ்கடித்தன. அன்று அதில் ஒரு விமானம்கூட இருக்கவில்லை. 307 பேர் இறந்தார்கள். பக்கம் உடைந்து உள்ளே தெரியக் கிடக்கும் அந்தக் கப்பலும் ஒரு வெட்டுமுகம்தான். அது சொல்லும் பாடத்தை எந்தப் புத்தகமும் மெல்லிய கோடு போட்டுப் பெயரிடுவதில்லை.

ஆகவே புத்தகத்தைத் தெரிவு செய்வதில் ஒரு சிறிய அளவுகோலை முன்வைக்கிறேன். உள்ளே மனிதர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். ஆங்கிலேய ஓவியர் ஸ்டீபன் பீஸ்டி வரைந்து 1992இல் வெளிவந்த வெட்டுமுகப் புத்தகத்தில் கோட்டை, நிலக்கரிச் சுரங்கம், மீன்பிடிக் கப்பல், நீராவி ரயில், விண்ணோடம் எல்லாம் உண்டு. ஒவ்வொன்றிலும் சிறுசிறு மனிதர்கள் சமைக்கிறார்கள், தூங்குகிறார்கள், கழிவறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் வரைந்த போர்க்கப்பலில் பீரங்கி மட்டுமல்ல, காயப்பட்டவரின் காலை வைத்தியர் வெட்டும் அறையும் இருக்கிறது. அதைப் பார்க்கும் பிள்ளைக்குப் போர்மீது ஆசை வராது. சினிமாப் புத்தகம் வேண்டாம் என்று நினைக்கும் பெற்றோர் இவரிடமிருந்து தொடங்கலாம். கற்பனைக் கப்பல்களைப் பிறகு பார்க்கலாம். ஆனால் அவற்றை முற்றாக விட்டுவிடாதீர்கள். கேள்விகளை அதிகம் கேட்க வைப்பவை அவைதான்.

பாடசாலை நூலகங்களில் பரீட்சை வினாத்தாள் தொகுப்புகள் நிறைய இருக்கின்றன. அவை தேவை. ஆனால் ஒரு தட்டிலாவது இப்படியான பெரிய படப்புத்தகங்களும் இருக்க வேண்டும். விலை அதிகம் என்பது உண்மை. ஒரு பிரதி போதும்; நாங்கள் மேசையைச் சுற்றி நின்று பார்ப்போம். வெளிநாட்டில் இருக்கும் வாப்பாமாரும் மாமாமாரும் தம் பிள்ளைகள் பார்த்து முடித்தவற்றை நூலகத்துக்குத் தரலாம். நான் என்னிடம் உள்ளதைத் தரத் தயாராக இருக்கிறேன். தம்பியிடம் அனுமதியும் வாங்கிவிட்டேன்.

அதைவிடச் செலவு குறைந்த ஒன்றும் இருக்கிறது. இந்தப் புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. நம்முடைய பொருட்களின் உள்ளே எதுவும் அவற்றில் இல்லை. அரிசி ஆலைக்குள் நெல் எந்த வழியாகப் போகிறது? வாவியில் போகும் இயந்திரப் படகின் உள்ளே என்ன இருக்கிறது? தையல் மிசினுக்குள் மேல்நூலும் கீழ்நூலும் எப்படிச் சந்திக்கின்றன? உம்மாமார் தினமும் மிதிக்கும் அந்த மிசினின் வெட்டுமுகம் தமிழில் என் கண்ணில் பட்டதில்லை. வகுப்புக்கு ஒரு பொருளைத் தெரிவு செய்து, ஒரு பிறிஸ்டல் போட்டில் வரைந்து, பாகங்களுக்கு நம் ஊரில் வழங்கும் பெயர்களையே எழுதுவோம். பெயர் தெரியாவிட்டால் அதைச் செய்கிறவரிடம் போய்க் கேட்போம். சிறந்த படத்துக்கு அடுத்த வருட மலரின் நடுப்பக்கத்தை ஒதுக்கித் தருமாறு மலர்க்குழுப் பொறுப்பாசிரியையைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அத்தோடு கற்பனைக்கும் ஒரு பக்கம் தந்தால், வுழூ செய்யும் இடம் உள்ள எங்கள் விண்கப்பலையும் முடித்துத் தருகிறோம். தண்ணீர்ப் பிரச்சினை மட்டும் இன்னும் தீரவில்லை.

அந்தப் பெரியவர் ஊருக்கு வந்தால் அவரிடமும் ஒரு உதவி கேட்பேன். அவர் இளமையில் அரிசி ஆலையில் வேலை செய்தவர் என்று வாப்பா சொன்னார். ஆலையின் உள்ளே எது எங்கே இருந்தது என்பதை அவரைத் தவிர வேறு யார் எனக்குச் சரியாகச் சொல்ல முடியும்?